நண்பன் என்னை ஏமாற்றினானா?

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சிறு விவசாயி நான். வயது 39. ஒரு நண்பன் செய்த காரியம் மனதை அரித்துக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

நாங்கள் நான்கு பேரும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். மழைக்காலத்தில் யாராவது ஒருவர் வீட்டு மாடியில் உட்கார்ந்து சில்லறைக்குப் போக்கர் சீட்டாட்டம் ஆடுவோம். பெங்களூரில் வேலை பார்ப்பவன்தான் எங்களுக்கு அந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தான். 'உண்மையான மேசையில் ஒரு ராத்திரி ஆடிப் பார்ப்போம்' என்று சென்ற மே மாதம் காரில் கோவாவுக்கு அழைத்துப்போனதும் அவனே. பணஜியில் மாண்டவி ஆற்றில் நிற்கும் கேசினோ கப்பல்களில் ஒன்றில் ஏறினோம். நோ லிமிட் ஆட்டம். முன்னால் இருக்கும் சிப் அத்தனையையும் ஒரே கையில் தள்ளலாம்.

நள்ளிரவு வரை நான் லாபத்தில்தான் இருந்தேன். பிறகு எனக்கு ஏஸும் ராஜாவும் வந்தன. மேசையில் எல்லோருக்கும் பொதுவாக விரித்த முதல் மூன்று சீட்டுகள் ஏஸ், ராஜா, ஏழு. இரண்டு பெரிய ஜோடிகள் என் கையில்! நான் பந்தயம் கட்டியபோது மற்றவர்கள் விலகிக்கொண்டார்கள், அவன் மட்டும் நெற்றியைச் சுருக்கி, தயங்கித் தயங்கி 'கால்' என்று சொல்லி அதே தொகையைக் கட்டினான். நான்காவது சீட்டு ஒன்பது. மறுபடி கட்டினேன், மறுபடி அதே தயக்கம். கடைசிச் சீட்டு இரண்டு. இருந்ததை எல்லாம் தள்ளினேன். ஒரு நொடிகூட யோசிக்காமல் கால் சொல்லி, இரண்டு ஏழுகளைத் திருப்பிப் போட்டான். முதல் மூன்று சீட்டு விரித்தபோதே அவனிடம் என் இரண்டு ஜோடிகளை வெல்லும் மூன்று ஏழு இருந்திருக்கிறது! அவ்வளவு நேரமும் நடித்திருக்கிறான். மற்ற இருவரும் சிரித்தார்கள். நான் மறுபடியும் சிப் வாங்கி ஆடினேன். விடிவதற்குள் அதுவும் போனது.

திரும்பும்போது பந்திப்பூர் காட்டுச் சாலையை இரவு ஒன்பது மணிக்கு அடைத்துவிட்டதால், காலை ஆறு மணிக்குத் திறக்கும்வரை குண்டல்பேட்டையில் காருக்குள் கிடந்தோம். 'விளையாட்டை விளையாட்டாக எடுத்துக்கொள்' என்றான். டீசல் செலவில் என் பங்கையும் சரியாகக் கணக்குப் பார்த்து வாங்கிக்கொண்டான். என் பணத்தை அள்ளியவனுக்கு அதையாவது விட்டுவிடத் தோன்றவில்லை. என் தோட்டத்து வருமானம் எவ்வளவு என்று தெரிந்தவன் அவன். (நான் கொண்டுபோனது தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவாத்துக்காக என் மனைவி அவளுடைய மகளிர் சுயஉதவிக் குழுவில் வாங்கித் தந்த 60,000 ரூபாய். அதில் சிக்கல் ஒன்றும் இல்லை, பக்கத்துத் தோட்டத்தில் இலை பறிக்கப் போய்த் தவணையை அவளே கட்டிவிடுகிறாள். டிசம்பரில் மறுபடி கோவா போகலாம் என்கிறார்கள், அப்போது எடுத்துவிட்டால் அவளுக்குத் தெரியவே வேண்டியதில்லை. கவாத்துக்கு ஆட்கள் எப்போது வருவார்கள் என்று மட்டும் அவ்வப்போது கேட்பாள்.) ஆனால் அவன் அந்த முகத்தை வைத்துக்கொண்டு என்னை ஏமாற்றியதை என்னால் தாங்க முடியவில்லை.

அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். இரவில் தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் அந்த ஏழுகள். இருபத்தெட்டு வருட நட்புக்கு இதுதான் மரியாதையா? அவனை மன்னிக்க வேண்டுமா, விட்டு விலக வேண்டுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், நீலகிரி

*

அன்புள்ள தம்பி,

உங்கள் வலி பொய்யில்லை. பதினோரு வயதிலிருந்து பார்த்துப் பழகிய முகம் ஒரு ராத்திரியில் அந்நியமாகத் தெரிந்தால் யாருக்கும் நெஞ்சு அடைக்கும். அதைச் சிறுபிள்ளைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனாலும் உங்கள் கடிதத்தில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் சில வரிகளைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். நீங்கள் 'சிக்கல் ஒன்றும் இல்லை' என்று எழுதிய இடத்தில்தான் சிக்கல் இருக்கிறது. நண்பனின் நெற்றிச் சுருக்கத்துக்கும் டீசல் கணக்குக்கும் பத்தி பத்தியாக இடம் கொடுத்திருக்கிறீர்கள். நீங்கள் கேசினோவில் விட்ட பணத்துக்கு வெயிலிலும் மழையிலும் இலை பறித்துத் தவணை கட்டும் பெண் அந்தச் சில வரிகளுக்குள் வந்து போய்விடுகிறார்.

முதலில் நண்பரைப் பற்றி. இதில் நான் உங்கள் பக்கம் இல்லை. கையில் பலமான சீட்டை வைத்துக்கொண்டு பலவீனம் காட்டுவது போக்கரின் இயல்பான ஆட்டம். உங்களிடம் வெறும் ஜாக்கியும் நான்கும் இருந்து, முழுப் பந்தயம் கட்டி அவரை ஓடவைத்திருந்தால் அதைத் துரோகம் என்று சொல்லியிருப்பீர்களா? முதல் மூன்று சீட்டு விழுந்தபோதே நீங்கள் பின்தங்கிவிட்டீர்கள். கண்ணில் படாத 45 சீட்டுகளில் மிச்சமிருந்த இரண்டு ஏஸும் இரண்டு ராஜாவும் மட்டுமே உங்களைக் காப்பாற்றியிருக்கும். அவர் வேறு என்ன செய்திருக்க வேண்டும்? 'நீ தோற்கிறாய், விலகிக்கொள்' என்று கண் காட்டியிருக்க வேண்டுமா? ஒரே மேசையில் நண்பர்கள் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து ஆடுவதைச் சீட்டரங்குகள் மோசடியாகவே கருதுகின்றன. அந்த மேசையில் முன்பின் தெரியாதவர்களும் தங்கள் பணத்தோடு உட்கார்ந்திருந்தார்கள் அல்லவா?

டீசல் பங்கை அவர் விட்டுக்கொடுத்திருக்கலாம், அது தாராளமாக இருந்திருக்கும். ஆனால் நீங்கள் கொண்டுவந்தது எந்தப் பணம் என்று அவரிடம் சொன்னீர்களா? சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. தெரிந்திருந்தால் அவர் உங்களை அந்த மேசையில் உட்கார விட்டிருப்பாரா என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். சீட்டை மறைக்கலாம், முகத்தை மாற்றலாம் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் ஒவ்வொருவரும் அந்த மேசையில் உட்காருகிறார்கள். நீங்களும் ஒப்புக்கொண்டுதான் உட்கார்ந்தீர்கள். உங்கள் வீட்டில் அப்படி யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. கவாத்து என்று நீங்கள் சொன்னதை உங்கள் மனைவி நம்பினார், அவர் சொன்னதைக் குழுப் பெண்கள் நம்பினார்கள். அந்தக் கடனுக்குக் குழு முழுவதும் பொறுப்பு. ஒருவர் தவறினால் மற்றவர்களின் அடுத்த கடனும் தடைபடும். கோவாவின் திசையையே அறியாத அத்தனை பெண்களின் நாணயம் அந்த மேசையில் இருந்திருக்கிறது. உங்களைத் தூங்கவிடாதது இரண்டு ஏழுகள் என்று எழுதியிருக்கிறீர்கள். நண்பர் மேல் கோபமாக இருக்கும்வரை இந்தப் பக்கம் திரும்ப வேண்டியதில்லை என்பதால்தான் அந்தக் கோபத்தை இத்தனை கவனமாக வளர்க்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது.

உங்கள் மனைவி அவ்வப்போது கேட்பதாகச் சொல்கிறீர்களே, அந்தக் கேள்வியைக் கொஞ்சம் கவனியுங்கள். நான் குன்னூரில் வளர்ந்தவள். கவாத்து தள்ளிப்போனால் செடி உயர்ந்துவிடும், வளர்ச்சி நின்ற பஞ்சி இலை கூடும், பறிப்பு குறையும். தினமும் செடி நடுவே நிற்கும் பெண்ணுக்கு இது தெரியாமலா இருக்கும்? நான்கு பேர் காரில் கோவா போய் வந்த செய்தி ஒரு மலைக்கிராமத்தில் எத்தனை நாள் மூடிக் கிடக்கும்? அவருக்கு எல்லாம் தெரியும் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நீங்களாக வாய் திறப்பதற்கு அவர் திரும்பத் திரும்ப வழிவிடுகிறார் என்றே நினைக்கிறேன்.

டிசம்பர் திட்டம்தான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது. அதைக் கைவிடுங்கள். கேசினோ போக்கரில் வீட்டு மாடி ஆட்டம்போல உங்கள் காசு உங்களுக்குள்ளேயே சுற்றுவதில்லை. பந்தயத் தொகையிலிருந்து நிர்வாகம் தன் பங்கை எடுத்துக்கொண்டே இருக்கும். அதனால் மேசையில் இருப்பவர்கள் மொத்தமாகக் கொண்டுவந்ததைவிடக் குறைவாகத்தான் கொண்டுபோக முடியும். விட்டதைப் பிடித்தே ஆகவேண்டும் என்ற பதற்றத்தோடு உட்காருபவரை அனுபவசாலிகள் எளிதில் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் திருத்திய கையேட்டில் சூதாட்ட நோய்க்கான ஒன்பது அறிகுறிகள் சொல்லப்பட்டிருக்கின்றன. ஓராண்டுக்குள் அவற்றில் குறைந்தது நான்கு தென்பட்டால்தான் அதை நோய் என்பார்கள். ஒரே இரவைக் கொண்டு உங்களை நோயாளி என்று நான் சொல்லவில்லை. ஆனால் விட்ட பணத்தைப் பிடிக்கத் திரும்பிப் போவதும், ஆட்டத்தை மறைக்கப் பொய் சொல்வதும் அந்த ஒன்பதில் இருக்கின்றன. ஒன்று உங்களிடம் ஏற்கெனவே வந்துவிட்டது, மற்றொன்றுக்கு மாதம் குறித்து வைத்திருக்கிறீர்கள். டிசம்பர் நெருங்க நெருங்க மனம் அங்கேயே இழுத்தால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் எண் 14416ஐ அழையுங்கள். கட்டணம் இல்லை, எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம்.

மனைவியிடம் இந்த வாரமே சொல்லுங்கள். நண்பரின் நடிப்பையோ ஏழுகளையோ அந்தப் பேச்சில் கொண்டுவர வேண்டாம். எவ்வளவு பணம், எங்கே போனது, இனி தவணையை நீங்கள் எப்படிக் கட்டப்போகிறீர்கள் என்பது மட்டும் போதும். அவர் அழலாம், திட்டலாம், நாள்கணக்கில் பேசாமல் இருக்கலாம். அதற்கு அவருக்கு உரிமை உண்டு, அவரைச் சமாதானப்படுத்த அவசரப்படாதீர்கள். ஆள் வைத்துக் கவாத்து செய்யப் பணம் இல்லையென்றால் கத்தியை எடுத்து நீங்களே கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யலாம். ஒன்றரை ஏக்கர் முடியாத காரியம் அல்ல. அடுத்த தவணைக்கு வெளித்தோட்ட வேலைக்கு நீங்கள் போங்கள்.

நண்பரை மன்னிப்பதா, விலகுவதா என்று கேட்டிருந்தீர்கள். மனைவியிடம் பேசி முடித்த பிறகு அந்தக் கேள்வி இதே கனத்தோடு உங்களிடம் இருந்தால் மறுபடி எழுதுங்கள், அப்போது அதைப் பற்றிப் பேசுவோம்.