மூன்றாம் நாள் கூடும் வலி

பல் எடுத்த பிறகு வரும் வலியைப் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளும், பல் மருத்துவர்களின் பதில்களும்.

டாக்டர், எனக்கு வயது 32. திங்கள்கிழமை கீழ் வலது ஞானப்பல்லை எடுத்தார்கள். செவ்வாயும் புதனும் வலி தாங்கும்படி இருந்தது. வியாழன் சாயங்காலத்திலிருந்து விண்விண்ணென்று தெறிக்கிறது. காது, நெற்றிப்பொட்டு வரைக்கும் இழுக்கிறது. வாயில் கெட்ட வாடை. மாத்திரை போட்டால் ஒரு மணி நேரம்தான் தாங்குகிறது. “பல்லைப் பிடுங்கினால் வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கொள்” என்கிறார்கள் வீட்டில். மருந்துக் கடையில் கேட்டு ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட ஆரம்பித்திருக்கிறேன். சரியா?
வாசகி, தேனி

இது பொறுத்துக்கொள்ள வேண்டிய வலி இல்லை. பல் எடுத்த மருத்துவரை இன்றைக்கே கூப்பிட்டு, “மூன்றாம் நாள் வலி கூடியிருக்கிறது, காதுக்கு இழுக்கிறது, வாடை வருகிறது” என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். என்னவென்று அவருக்கு உடனே புரிந்துவிடும்.

பல் எடுத்த வலிக்கு ஒரு போக்கு உண்டு. முதல் நாள் ராத்திரிதான் அதிகம் இருக்கும். பிறகு நாளுக்கு நாள் இறங்க வேண்டும். இறங்கிய வலி இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் நடுவில் மறுபடி ஏறினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது ‘டிரை சாக்கெட்’. பல் இருந்த குழியில் உறைந்து நிற்க வேண்டிய ரத்தம் கரைந்துபோய், உள்ளே எலும்பு திறந்து கிடக்கிறது என்று அர்த்தம். அந்த உறைந்த ரத்தம்தான் எலும்புக்கும் நரம்பு முனைகளுக்கும் மூடி. மூடி போய்விட்டதால் எச்சில், சோற்றுப் பருக்கை, காற்று எது பட்டாலும் சுரீரென்கிறது. கீழ்த்தாடை நரம்பும் காது, பொட்டுப் பக்கம் போகும் நரம்பும் ஒரே பெரிய நரம்பின் கிளைகள். அதனால்தான் காதில் ஒன்றும் இல்லாமலே காது வலிக்கிறது.

கைபேசி டார்ச்சை வைத்துக் கண்ணாடியில் பாருங்கள். குழி நிறையக் கருஞ்சிவப்பாக ஏதோ நின்றால் ரத்தம் உறைந்து நிற்கிறது. குழி வெறுமையாக, அடியில் சாம்பலோ மங்கிய வெள்ளையோ தெரிந்தால் அது எலும்பாக இருக்கலாம். கடைசிப் பல்லின் குழி சரியாகக் கண்ணில் படாது. தெரியவில்லை என்பதற்காகப் போகாமல் இருக்க வேண்டாம்.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வலி இல்லாமல், குழியின் மேல் வெள்ளையாக ஆடை படிந்தாற்போல் தெரிந்தால் அது புண் ஆறும்போது வரும் படலம். சீழும் இல்லை, சோறும் இல்லை. அதை ஊக்கால், ஈர்க்குச்சியால் நோண்டி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். மூடியைத் தாங்களே பிய்த்துப் போடுகிறார்கள்.

மருத்துவமனையில் செய்வது பத்து நிமிட வேலை. வெதுவெதுப்பான சலைனை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்துக் குழியை மெதுவாகக் கழுவுவார்கள். தையல் இருந்தால் தேவைப்படும்போது பிரிப்பார்கள். பிறகு கிராம்புச் சத்தான யூஜினால் கலந்த மருந்தைக் குழிக்குள் லேசாக வைப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் வலி நன்றாக இறங்கிவிடும். அதோடு முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். இரண்டு நாளில் மறுபடி போய்க் கழுவி, மருந்தை மாற்ற வேண்டியிருக்கும். சிலருக்கு இரண்டு மூன்று முறை ஆகும். வலி நின்ற பிறகு மருந்து வைப்பதை நிறுத்திவிடுவார்கள், ஏனென்றால் குழிக்குள் எது இருந்தாலும் சதை வளர்வது தாமதமாகும். எல்லாம் சேர்த்து ஏழு முதல் பத்து நாளில் இந்த வலி அடங்கும்.

ஆன்டிபயாட்டிக் விஷயத்துக்கு வருகிறோம். டிரை சாக்கெட்டில் வலி வருவது எலும்பு திறந்து கிடப்பதால். மாத்திரை அந்தக் குழியை மூடாது. காய்ச்சல், முகவீக்கம், சீழ் இருந்தால் மருத்துவர் பார்த்துவிட்டு எழுதுவார். இல்லையென்றால் வயிற்றுப்போக்கும் வீண் செலவும்தான் மிச்சம். கடையில் வாங்கிய மாத்திரையின் பெயரை மருத்துவரிடம் காட்டி, தொடர வேண்டுமா என்று கேளுங்கள்.

“எனக்கு மட்டும் ஏன் வந்தது?” என்று நினைக்க வேண்டாம். கீழ் ஞானப்பல்லில்தான் இது அதிகம் வரும்; அங்கே எலும்பு கெட்டி, ரத்த ஓட்டம் குறைவு. பல்லை எடுப்பது சிரமமாக இருந்திருந்தாலும், எடுப்பதற்கு முன்பே ஈறு வீங்கியிருந்தாலும் வாய்ப்பு கூடும். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும் கூடும். அதிலுள்ள ஈஸ்ட்ரோஜன், உறைந்த ரத்தம் சீக்கிரம் கரைய வழிசெய்கிறது. நீங்கள் அதைச் சாப்பிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். முன்பு ஒருமுறை வந்திருந்தால், அடுத்த பல் எடுக்கும்போது ஊசி போடுவதற்கு முன்பே அதையும் சொல்லிவிடுங்கள்.

பல் எடுத்த வலிக்கு இரண்டு வகை மாத்திரையைச் சேர்த்துப் போடலாமா? ஒரு நாளைக்கு எத்தனை? என் அப்பாவுக்கு 67 வயது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். சிறுநீரகப் பரிசோதனையில் கிரியேட்டினின் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது என்றார்கள்.
வாசகர், கும்பகோணம்

முதலில் பொதுவாகச் சொல்கிறோம், பிறகு அப்பாவுக்கு.

வேறு நோய் எதுவும் இல்லாத பெரியவர்களுக்குப் பல் வலியில் நன்றாகக் கேட்கும் ஜோடி இபுப்ரோஃபென் 400 மில்லிகிராமும் பாரசிட்டமால் 500 அல்லது 650 மில்லிகிராமும். இரண்டும் வேறு வேறு வழியில் வேலை செய்பவை. சாப்பிட்ட பிறகு ஒன்றாகவே போடலாம். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு மூன்று வேளை. இடையில் வலித்தால் ஒரே ஒரு பாரசிட்டமால் கூடுதலாகப் போடலாம், முந்தையதிலிருந்து ஆறு மணி நேரம் கழித்து. இபுப்ரோஃபென் நாளுக்கு 1200 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

தவறு நடப்பது அட்டையின் பின்பக்கத்தைப் படிக்காததால். கடையில் கிடைக்கும் பல வலி மாத்திரைகளுக்குள் ஏற்கெனவே 325 மில்லிகிராம் பாரசிட்டமால் இருக்கிறது. அதையும் கணக்கில் சேருங்கள். அதேபோல இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், கெட்டோரோலாக் எல்லாம் ஒரே குடும்பம். இவற்றில் ஒன்றுதான் ஒரு நேரத்தில். “அது கேட்கவில்லை, இதையும் போட்டேன்” என்றால் வலி பாதியாகாது, வயிற்றுப் புண்ணும் சிறுநீரகச் சுமையும் இரட்டிப்பாகும். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் கெட்டோரோலாக் 10 மில்லிகிராம் மாத்திரை சட்டென்று கேட்கும் என்பதால் அதைத் தொடர்ந்து போடுகிறார்கள். எழுதிக் கொடுத்த அளவு மட்டும்தான். ஐந்து நாளைத் தாண்டவே கூடாது.

உங்கள் அப்பா விஷயத்தில், கிரியேட்டினின் கூடியிருக்கிறது என்பதால் இந்தக் குடும்பத்து மாத்திரை எதையும் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். சில பிரஷர் மாத்திரைகளோடு சேரும்போது இவை சிறுநீரகத்தை இன்னும் வாட்டும். பாரசிட்டமால் மட்டும் கொடுங்கள். அதில் அடங்கவில்லை என்றால் அவருடைய மருத்துவரைக் கேளுங்கள். வயிற்றுப் புண், ஆஸ்துமா உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள், டெங்கு சந்தேகம் உள்ளவர்கள் எல்லோருக்கும் இதே எச்சரிக்கைதான்.

பல் எடுத்த இடத்தில் கிராம்புத் தைலம் வைக்கலாமா? நல்லெண்ணெய் கொப்பளித்தால் ஆறுமா?
வாசகி, நாமக்கல்

தைலத்தைப் பஞ்சில் நனைத்துத் திறந்த குழிக்குள் திணித்தால் ஈறும் எலும்பும் வெந்துபோகும். மருத்துவர் வைப்பதும் கிராம்புச் சத்துதானே என்று கேட்கலாம். அவர் வைப்பது அளவு கட்டிய கலவை. கழுவிச் சுத்தம் செய்த குழிக்குள், அவரே திரும்ப எடுக்கும்படி வைப்பது. பஞ்சு இழை உள்ளே தங்கினால் அதுவே இன்னொரு புண். ஆஸ்பிரினை நசுக்கி ஈறில் வைப்பதும் அப்படித்தான், சதை வெளுத்து உரியும். புகையிலையை அடக்குவது எல்லாவற்றிலும் மோசம்.

எண்ணெய் கொப்பளிப்பது நல்ல பழக்கமாகவே இருக்கட்டும். ஆனால் பத்து பதினைந்து நிமிடம் வாயை இழுத்து உறிஞ்சிக் கொப்பளிக்கும் அந்த இழுவை, உறைந்த ரத்தத்தைப் பெயர்த்துவிடும். இரண்டு வாரம் நிறுத்தி வையுங்கள்.

அடுத்த வாரம் கீழ்க் கடைவாய்ப்பல் எடுக்கப் போகிறேன். வலி வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? பீடிப் பழக்கம் உண்டு.
வாசகர், சிவகாசி

பீடியிலிருந்தே தொடங்குவோம். நிகோட்டின் ரத்தக் குழாயைச் சுருக்குகிறது, இழுக்கும் இழுப்பு ரத்த உறைவைப் பிடுங்குகிறது. எடுப்பதற்கு முந்தின நாளிலிருந்தே நிறுத்துங்கள். எடுத்த பிறகு குறைந்தது மூன்று நாள்; ஒரு வாரம் இருந்தால் இன்னும் நல்லது.

பஞ்சைக் கடித்து 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் இருங்கள். பேச வேண்டாம். எச்சிலை விழுங்கிவிடுங்கள், துப்பாதீர்கள். துப்பத் துப்ப ரத்தம் நிற்காது. பஞ்சை எடுத்த பிறகும் ரத்தம் கசிந்தால், சுத்தமான துணியை மடித்து நனைத்து அதே இடத்தில் வைத்து, மறுபடி அரை மணி நேரம் அழுத்திக் கடியுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கடியுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தால் பயனில்லை. இரண்டு முறை செய்தும் வாய் நிறைய வந்தால் மருத்துவரிடம் போங்கள். முதல் நாள் எச்சில் ரோஸ் நிறமாக இருப்பது சாதாரணம்.

மரத்துப்போகப் போட்ட ஊசி தெளிய இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகும். அது தெளியும் முன்பே முதல் மாத்திரையைப் போட்டுவிடுங்கள். வலி உச்சிக்கு ஏறிய பிறகு போடும் மாத்திரை அதைத் துரத்திக்கொண்டே ஓடும். அன்றைக்குக் கன்னத்தில் துண்டில் சுற்றிய ஐஸ், 15 நிமிடம் வைத்து 15 நிமிடம் விட்டு. சுடுநீர் ஒத்தடம் முதல் நாள் கூடவே கூடாது, வீக்கம் கூடும்.

சாப்பாடு ஆறியதாக, மெத்தென்று இருக்கட்டும்: குழைத்த ரசம் சாதம், தயிர் சாதம், இட்லி, கஞ்சி. ஐஸ்கிரீமைக் கரண்டியில் சாப்பிடலாம். இளநீரை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாதீர்கள், டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். முறுக்கு, கடலை, பொரி வேண்டாம். மற்ற பற்களை அன்று ராத்திரியே துலக்குங்கள்; அந்த இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

வாய் கொப்பளிப்பது 24 மணி நேரம் கழித்துத்தான். 200 மில்லி டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு. கல்லுப்பு என்றால் முழுக்கக் கரைய விடுங்கள். ஒரு வாய் எடுத்து, தலையை அந்தப் பக்கம் சாய்த்து அரை நிமிடம் வைத்து, குனிந்து வாயைத் திறந்தால் தானாக விழும். கன்னத்தை உப்பி அடிப்பதோ ‘த்தூ’ என்று துப்புவதோ கூடாது. ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும், படுக்கும் முன்பும், ஒரு வாரம் செய்யுங்கள். குளோர்ஹெக்சிடின் 0.2% மவுத்வாஷை மருத்துவர் எழுதினால் இரண்டாம் நாளிலிருந்து காலையும் இரவும் 10 மில்லி. டிரை சாக்கெட் வாய்ப்பை அது குறைக்கிறது. நீண்ட நாள் போட்டால் பல்லில் பழுப்புக் கறை படியும்.

மேல் கடைவாய்ப்பல் எடுத்த பிறகு தண்ணீர் குடித்தால் மூக்கில் வருகிறது.
வாசகர், காரைக்குடி

மேல் கடைவாய்ப்பல் வேருக்கு மேலேயே சைனஸ் அறை இருக்கிறது. நடுவிலுள்ள மெல்லிய எலும்பில் துளை விழுந்திருக்கலாம். மூக்கைச் சிந்தாதீர்கள், தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். இன்றோ நாளையோ மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். சிறிய துளை தானாக மூடும், பெரியதைத் தைக்க வேண்டும். தாமதித்தால் சைனஸில் சீழ் பிடிக்கும்.

அம்மாவுக்கு எலும்புத் தேய்மானத்துக்காக வருடத்துக்கு ஒரு ஊசி போடுகிறோம். பல் எடுத்து இரண்டு மாதம் ஆகியும் குழி மூடவில்லை, எலும்பு தெரிகிறது. வலி விட்டு விட்டு வருகிறது.
வாசகி, திருநெல்வேலி

அந்த ஊசி சோலெட்ரோனிக் ஆசிட்டாக இருக்கலாம். எலும்பு கரைவதைத் தடுக்கும் இந்த வகை மருந்துகளால் அரிதாகத் தாடை எலும்பு ஆறாமல் போவதுண்டு. எட்டு வாரம் தாண்டியும் எலும்பு தெரிந்தால் சாதாரண டிரை சாக்கெட் என்று விட்டுவிடக் கூடாது. ஊசிச் சீட்டோடு அம்மாவை வாய், முக அறுவை சிகிச்சை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் இதற்கான பிரிவு உண்டு. ஊருக்குப் பக்கத்தில் என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பல் பிரிவில் முதலில் கேளுங்கள். அறுவை சிகிச்சை மருத்துவர் பார்க்கும் முன்பே, எலும்பு தெரிகிற இடத்தைச் சுரண்டலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

பல் எடுத்த நான்காம் நாள் என் கணவருக்குத் தாடைக்கு அடியில் வீங்கியிருக்கிறது. எச்சில் விழுங்கக் கஷ்டப்படுகிறார். காலை வரை பார்க்கலாமா?
வாசகி, அரக்கோணம்

பார்க்க வேண்டாம். தாடைக்கடி வீக்கம் கெட்டியாக இருப்பது, நாக்கு மேலே தூக்கினாற்போல் ஆவது, விழுங்க முடியாமல் எச்சில் வழிவது, குரல் மாறுவது, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டுவது எல்லாம் கழுத்துக்குள் சீழ் பரவுவதன் அடையாளங்கள். சில மணி நேரத்தில் மூச்சுப் பாதையை அடைத்துவிடும். பல் கிளினிக்குக்குப் போய் நேரத்தைக் கழிக்காமல், உடனே அவசர சிகிச்சைப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சு வாங்கினால் 108-ஐ அழையுங்கள். வண்டி வரும் வரை மல்லாக்கப் படுக்க வைக்காமல், முன்னால் சாய்ந்தாற்போல் உட்கார வையுங்கள். சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காதீர்கள்.