குட்டிகளைக் கண்டால் ஏன் மனம் இளகுகிறது?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நாய்க்குட்டி, யானைக்குட்டி, வாத்துக்குஞ்சு எதைப் பார்த்தாலும் என்னால் கடந்துபோக முடிவதில்லை. பிள்ளை வளர்ப்பதற்காக இயற்கை வைத்த உணர்ச்சி ஆள்மாறிப் பாய்கிறது, அவ்வளவுதான் என்கிறார் நண்பர். அப்படியானால் என் பாசம் பொய்யா?

வி.

அன்புள்ள வி.,

நண்பர் சொல்லும் காரணம் சரி. 1943-இல் விலங்கியலாளர் கொன்ராட் லோரன்ஸ் அதை எழுதினார். உடம்புக்குப் பெரிய தலை, எடுப்பான நெற்றி, முகத்தில் சற்றுக் கீழே அமைந்த பெரிய கண்கள், உப்பிய கன்னம், குட்டைக் கைகால், தத்தித் தத்தி நடை. இவற்றைக் கண்டதும் நமக்குத் தூக்கிக் கொஞ்சத் தோன்றுகிறது. பாலூட்டிகளில் பெரும்பாலும் மூளையும் கண்ணும் முந்தி வளர்கின்றன, தாடையும் மூக்கும் பிந்துகின்றன. நாய்க்குட்டி முகத்தில் கைக்குழந்தையின் சாயல் தெரிவது அதனால்தான்.

மனிதக் குழந்தை பல வருடம் பிறர் கையை நம்பியே பிழைக்கிறது. அதன் அழுகைக்கு இளகாத மனம் பெரும் ஆபத்து. பூனைக்குட்டிக்கும் சேர்த்து இளகுவதால் பெரிய நஷ்டம் எதுவுமில்லை.

ஆனால் அவர் சொல்லும் ‘அவ்வளவுதான்’ எனக்கு ஒப்பவில்லை. பெற்ற பிள்ளை மேல் வரும் பாசத்துக்கும் ஊற்று அதுவேதான், அதை யாரும் பொய் என்பதில்லை. ஜப்பானின் ஹிரோஷிமா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், நாய்க்குட்டி, பூனைக்குட்டிப் படங்களைப் பார்த்த மாணவர்கள் நுணுக்கமான விரல்வேலையை முன்னைவிட நிதானமாக, பிசகு குறைவாகச் செய்தார்கள். மனம் இளகினால் கையும் பதமாகிவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது.

என் கவலை வேறு. இந்த முகத்துக்காகவே மூக்கைக் குறுக்கிக் குறுக்கி வளர்த்தெடுத்த பக் நாய்களில் பலவும் மூச்சுக்குத் திணறுகின்றன. ஸ்லோ லோரிஸ் என்ற தேவாங்கு வகையைக் கிச்சுகிச்சு மூட்டும் வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். அது இரண்டு கையையும் தூக்குவதைப் பார்த்து ‘இன்னும் வேண்டும் என்கிறது’ என்று உருகுகிறோம். பயந்தால்தான் அது அப்படிக் கை தூக்கும். முழங்கையருகே ஒரு சுரப்பி இருக்கிறது. அதை நக்கி எச்சிலோடு சேர்த்தால் அதன் கடி விஷமாகும். அதற்கான ஆயத்தம் அது. வளர்ப்புக்காக விற்பவர்கள் கடிக்கு அஞ்சி அதன் பற்களையே வெட்டிவிடுகிறார்கள்.

உங்கள் பாசத்தில் குறை எதுவுமில்லை. கொஞ்சத் தோன்றும்போது அந்தக் குட்டியின் மூச்சையும் உடம்பையும் ஒரு நிமிடம் கவனியுங்கள். ஒதுங்கினால் விட்டுவிடுங்கள். அந்தத் தேவாங்கு வீடியோ மறுபடி வந்தால் யாருக்கும் அனுப்ப வேண்டாம்.