வாசகர் கேள்வி: யாப்பில் கேட்ட பழைய ஆங்கிலம்

கேள்வி: ஒலிப்பதிவே இல்லாத காலத்து ஆங்கிலம் எப்படி ஒலித்தது என்று அறிஞர்கள் எதைக் கொண்டு சொல்கிறார்கள்? அத்துறையில் பேசப்படும் எடுவர்ட் சீவர்ஸ் ஜெர்மானிய இலக்கியப் பேராசிரியராமே, இரண்டுக்கும் என்ன தொடர்பு?

பதில்: சீவர்ஸுக்கு (1850–1932) அவை இரண்டு துறைகளாகத் தோன்றியிருக்காது. பழைய ஆங்கிலமும், வட ஜெர்மனியில் வழங்கிய பழைய சாக்ஸனும் நெருங்கிய உறவுடைய மொழிகள். இரண்டின் செய்யுளுக்கும் யாப்பு ஏறத்தாழ ஒன்றே. தம் இருபது வயதுகளின் தொடக்கத்திலேயே யேனாவில் பேராசிரியரான அவர், டூபிங்கன், ஹாலே வழியாக 1892இல் லைப்ஸிக் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். 1876இல் ஒலிப்பியல் நூல், 1878இல் ஏசுவின் வாழ்வைப் பாடும் சாக்ஸன் காவியமான ஹேலியாண்டின் பதிப்பு, 1882இல் பழைய ஆங்கில இலக்கணம் என மூன்றும் ஆறே ஆண்டுகளில் வெளிவந்தன.

ஒலிப்பதிவு இல்லாத குறையை அவருக்கு யாப்பு தீர்த்தது. அந்தச் செய்யுளில் ஓரடி இரண்டு பாதிகளாகப் பிரியும்; அழுத்தம் பெறும் அசைகளை மோனை இணைக்கும்; ஓர் அரையடிக்குப் பொதுவாக நான்கு அசைகளாவது வேண்டும். (இங்கே அசை என்பது ஓர் உயிரொலியைக் கொண்ட அலகு, நம் நேரசை, நிரையசை அல்ல.) பழைய ஆங்கில வீரகாவியமான பியோவுல்ஃபில், தோற்றோடும் அரக்கன் கிரெண்டல் தன் 'மரண இருப்பிடத்தைக் காண'ச் செல்வதாக வரும் அரையடி, சுமார் 1000ஆம் ஆண்டைச் சேர்ந்த சுவடியில் எழுதியுள்ளபடி படித்தால் மூன்றே அசைதான் தேறும். 'காண' என்னும் பொருளுடைய ஓரசைச் சொல்லை அதன் முந்தைய வடிவப்படி ஈரசையாக ஒலித்தால் கணக்கு நேராகிறது. சுவடியை எழுதியவர் தம் காலத்து உச்சரிப்பை எழுதினார். பாட்டோ அதற்கும் மூத்த உச்சரிப்பைக் காத்து வைத்திருந்தது. இத்தகைய அரையடிகளை ஐந்து வகைகளில் அடக்கிய சீவர்ஸின் யாப்பு நூல் 1893இல் வந்தது. இன்றும் மாணவர்கள் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

அவருடைய செவி எவ்வளவு கூர்மையானது என்பதற்கு இன்னொரு சான்று உண்டு. ஆக்ஸ்ஃபோர்டிலுள்ள ஆங்கிலச் சுவடி ஒன்றில், ஆதியாகமக் கதையைப் பாடும் கவிதையின் 235 முதல் 851 வரையுள்ள அடிகள் ஆங்கிலத்தில் பிறந்தவை அல்ல, சாக்ஸனிலிருந்து பெயர்க்கப்பட்டவை என்று 1875இல் அவர் எழுதினார். சொற்களும் நடையும் ஹேலியாண்டை ஒத்திருந்தன என்பதே ஆதாரம். மூலம் எங்கும் இல்லை. 1894இல் வத்திக்கான் நூலகச் சுவடி ஒன்றில் கார்ல் சாங்கமைஸ்டர் அந்தச் சாக்ஸன் மூலத்தின் துண்டுகளைக் கண்டெடுத்தார். ஒரு பகுதி ஆங்கில அடிகளோடு ஏறக்குறைய வரிக்கு வரி பொருந்தியது.

முதுமையில் அதே செவியை அவர் அளவுக்கு மீறி நம்பினார் என்பது என் கருத்து. ஒரு பிரதியை உரக்கப் படித்தால் அதை எழுதியவரின் குரலையே இனங்காணலாம் என்று வாதிட்டு, புதிய ஏற்பாட்டிலுள்ள பவுலின் கடிதங்களைக்கூட அப்படிப் பிரித்துப் பார்த்தார். அந்த முறையைச் சரிபார்க்கப் பிறருக்கு வழியில்லாததால், துறையினர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை.