எக்செல் பழகிய விரல்கள்

கேள்வி: மாங்கூழ் ஃபேக்டரி நடத்துகிறோம். விண்டோஸ், ஆபீஸ் தவிர வேறு அறியோம். இப்போது மெயில், ஃபைல், சர்வர் எல்லாவற்றையும் மைக்ரோசாஃப்ட் கிளவுடுக்கு, அதாவது இன்டர்நெட் வழியே வாடகைக்குத் தரும் அவர்களின் கம்ப்யூட்டர்களுக்கு, மாற்றச் சொல்கிறார்கள். மேஜைக் கம்ப்யூட்டருக்கு சாஃப்ட்வேர் விற்ற கம்பெனி, இன்டர்நெட் வேலையில் தாக்குப்பிடிக்குமா?
– ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: இந்தச் சந்தேகம் பில் கேட்ஸுக்கே வந்ததுதான். 1995 மே மாதம் 'இன்டர்நெட் பேரலை' என்று தலைப்பு வைத்து, தன் அதிகாரிகளுக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினார். அதன்பிறகு பிரவுசர் கம்பெனியான நெட்ஸ்கேப்பை அடித்த அடியில், 1998-ல் அமெரிக்க அரசே வழக்குப் போட்டது. ஆனால் சர்வர் பக்கம் அந்த ஜம்பம் பலிக்கவில்லை. வெப்சைட் நடத்தியவர்கள் அப்பாச்சி என்ற இலவச சர்வர் சாஃப்ட்வேரைத்தான் தேடிப் போனார்கள். 1997-ல் ஹாட்மெயிலை வாங்கினார்களே, அது ஓடியது ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறொரு சிஸ்டத்தில். அதைத் தங்கள் விண்டோஸுக்குக் கொண்டுவர வருடக்கணக்கில் ஆனது. காசு கொடுத்து வாங்கிய மாடு, நம் வீட்டுத் தொட்டியில் வாய் வைக்காத கதை!

கிளவுடிலும் தாமதம்தான். அமேசான் 2006-லேயே கடை விரித்துவிட்டது; மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஷூர் விற்பனைக்கு வந்தது 2010-ல். 2014-ல் சத்யா நாதெள்ளா தலைமைப் பொறுப்பேற்றார். 'விண்டோஸ் அஷூர்' என்ற பெயரில் இருந்த விண்டோஸை அந்த வருடமே எடுத்துவிட்டார்கள். ஒரு காலத்தில் 'புற்றுநோய்' என்று திட்டிய லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்துக்கும் அங்கே வாடகைக்கு இடம் உண்டு. என்னைக் கேட்டால், பிழைக்கத் தெரிந்தவர்கள்.

ஆனாலும் ஆபீஸ்களில் இவர்களை அசைப்பது கஷ்டம். காரணத்தை ஜூன் மாதம் உங்கள் எடைமேடைப் பக்கம் நின்று பாருங்கள். வெளியே பெங்களூரா மாங்காய் லோடு வரிசை கட்டி நிற்கும். உள்ளே கணக்குப்பிள்ளை இடது கையில் எடைச்சீட்டைப் பிடித்துக்கொண்டு, கீபோர்டைப் பார்க்காமலே எக்செலில் தட்டிக்கொண்டிருப்பார். நான் சர்வீஸ் பார்க்கும் ஓர் ஆபீசில், செலவு மிச்சம் என்று இலவச சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தேன். மூன்றாம் நாள் போன்: "சார், பழசையே போட்டுக் குடுத்துருங்க, லாரிக்காரன் கத்துறான்." மைக்ரோசாஃப்டின் முதலீடே அந்த விரல்கள்தான். கம்ப்யூட்டர் திறக்கும் பாஸ்வேர்டே மெயிலுக்கும் ஃபைலுக்கும் என்று பழகிவிட்ட ஆபீஸ், வேறு கடைக்குப் போக யோசிக்கும். அதனால் நிலைப்பார்களா என்ற கவலை வேண்டாம்.

நீங்கள் மாறலாமா? மெயிலும் ஃபைலும் தாராளமாகப் போகட்டும். ஏனென்றால், நான் சர்வீஸ் பார்க்கும் ஆபீசில் ஒரு கோடை மழையில் கரண்ட் போய், யுபிஎஸ் பேட்டரியும் கைவிட்டு, சர்வர் ஹார்ட் டிஸ்க் செத்தது. பேக்கப் எடுக்கிறதா என்று நான் திறந்தே பார்க்கவில்லை, தப்பு என்னுடையது. பன்னிரண்டு நாள் எடைச்சீட்டை அந்த ஆபீஸ் பையனோடு உட்கார்ந்து மறுபடி அடித்தேன். இன்னும் முதுகு வலிக்கிறது.

எடைமேடை சாஃப்ட்வேரை மட்டும் ஃபேக்டரி கம்ப்யூட்டரிலேயே வைத்திருங்கள். ரோடு தோண்டி கேபிள் அறுந்தால் லோடு காத்திருக்காது. மாத வாடகை ஏறினாலும் ஏறும் என்று கணக்குப் போட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் ஒரு டிஸ்கில் இறக்கி, ஓனர் வீட்டு பீரோவில் பூட்டி வையுங்கள்.

கேள்வி: தக்காளி மண்டியில் நாலு பழைய விண்டோஸ் 10 கம்ப்யூட்டர் இருக்கிறது. தூக்கிப் போடவா?
– ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கான இலவச ஆதரவு (பாதுகாப்பு அப்டேட்) முடிந்துவிட்டது. அப்படியே நெட்டில் விடாதீர்கள். லினக்ஸ் போட்டு, வண்டி நம்பர் பதிய கேட்டில் ஒன்று வையுங்கள், நன்றாக ஓடும். கணக்குப்பிள்ளை மேஜைக்கு மட்டும் கொண்டுபோக வேண்டாம்.