கடுகும் பூசணிக்காயும்

கேள்வி: தனியார் நிறுவனத்தில் வேலை. கைக்கு வருவது 42,000 ரூபாய். சார்ஜரைப் பிளக்கிலிருந்து பிடுங்கி வைப்பது முதல் ரேஷனில் பருப்பு வாங்குவது வரை எங்கள் வீட்டில் எல்லாச் சிக்கனமும் என் யோசனைதான். என் மனைவி காய்கறி வாங்கினால் கொசுறு கொத்தமல்லிகூடக் கேட்டு வாங்குவதில்லை. பால் தினமும் அரை லிட்டர் கூடுதல். போன முறை கரண்ட் 520 யூனிட் ஓடியிருக்கிறது. 'நோ காஸ்ட்' தவணையில் எடுத்த டிவிக்குக் கட்டியதுபோக மிச்சமே இல்லை. கிரெடிட் கார்டில் 40,000 பாக்கி நிற்கிறது, மாதம் 2,500 கட்டிச் சமாளிக்கிறேன். பெண்களுக்கு வீட்டுச் சிக்கனம் கற்றுத்தரும் தொடர் ஒன்றை நீங்கள் வெளியிட்டால் என்ன?
— ஒரு வாசகர், ஈரோடு

பதில்: வெளியிடுவதாக இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு, கணவர்களுக்கு ஒன்று போடலாமா என்றுதான் யோசனை.

முதலில் சார்ஜர். போன் மாட்டாமல் சும்மா தொங்கும் இன்றைய சார்ஜர் ஒன்று இரண்டு மாதம் தொங்கினாலும் ஒரு யூனிட்கூட ஆகாது. பிடுங்கி வையுங்கள், தப்பில்லை. ஆனால் டிவியை ரிமோட்டில் அணைத்துவிட்டு செட்டாப் பாக்ஸை அப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போகிறீர்களே, அது விடிய விடிய விழித்திருக்கும். பத்து வாட் இழுக்கும் பெட்டி என்றால், நாள் முழுக்க ஓடினால் இரண்டு மாதத்தில் 14 யூனிட்டுக்கு மேல். சுவர் சுவிட்சை அணைக்கக் காசா பணமா?

அந்த 520 யூனிட்டை உங்கள் மனைவியின் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். சரி, கணக்கையே பார்ப்போம். 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை வைத்துச் சொல்கிறேன். இப்போதைய விலையை உங்கள் பில்லில் பார்த்துக்கொள்ளுங்கள். சரியாக 500 யூனிட் ஓடியிருந்தால் 1,725 ரூபாய். 520 ஓடினால் 2,110. இருபது யூனிட்டுக்கு 385 ரூபாய்! 500-ஐத் தாண்டியதும் அந்த இருபதுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த பாதி விலைச் சலுகையும் கூடவே பறிபோகிறது. ஆகவே எல்லைக்குப் பக்கத்தில் நிற்கும் வீட்டில் கடைசி இருபது முப்பது யூனிட்தான் பணம். ரீடிங் எடுத்து நாற்பது நாள் ஆனதும் மீட்டரை ஒருமுறை எட்டிப் பாருங்கள். உங்கள் வீட்டு மின்விசிறிகள் பழையவையாக இருந்தால் ஒவ்வொன்றும் 75 வாட் அளவுக்கு இழுக்கும். பிஎல்டிசி விசிறி, அதாவது மின்சாரம் குறைவாக இழுக்கும் புதுவகை மோட்டார் விசிறி, 30 வாட் சுமாருக்கு ஓடும். தினம் பன்னிரண்டு மணி நேரம் என்றால் விசிறி ஒன்றுக்கு இரண்டு மாதத்தில் 32 யூனிட் மிச்சம். ஒன்றை மாற்றியிருந்தாலே 500-க்குள் நின்றிருப்பீர்கள். விசிறி வாங்கப் பணமில்லை என்பீர்கள். டிவிக்கு இருந்ததே.

டிவி என்றதும் அந்த 'நோ காஸ்ட்'. வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. அதன்பிறகு வழி மாறியது. வட்டி அளவுக்கு விற்பவர் விலையில் தள்ளுபடி கொடுத்துவிடுவார், வட்டியை வங்கி உங்களிடம் தனியாக வாங்கிக்கொள்ளும். வட்டி மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உங்கள் தலையில். பல வங்கிகளில் பரிசீலனைக் கட்டணம் வேறு. மொத்தப் பணத்தையும் கையில் வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் விலை பேசும் வாய்ப்பும் போச்சு. கொத்தமல்லிக்குப் பேரம் வேண்டும் என்கிற நீங்கள், டிவிக்கு எவ்வளவு நேரம் பேசினீர்கள்?

அப்புறம் அந்தக் கார்டு. கடிதத்தின் கடைசியில், அரை வரியில் தள்ளிவிட்டுப் போயிருக்கிறீர்கள். நிலுவைக்கு மாதம் 3.5 சதவீத வட்டி என்பது பல கார்டுகளில் சாதாரணம். 40,000 ரூபாய்க்கு மாத வட்டி 1,400. அதற்கு ஜிஎஸ்டி 252. நீங்கள் கட்டும் 2,500-ல் 1,652 இப்படியே போய்விட, கடனில் கழிவது 848 ரூபாய். பாக்கி நிற்கும்வரை, அதே கார்டில் புதிதாகத் தேய்ப்பதற்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது. வாங்கிய அன்றே வட்டி ஓட ஆரம்பிக்கும். கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் தெரியாது என்பார்கள். உங்கள் பூசணிக்காய்க்கு மாதாமாதம் ஸ்டேட்மென்ட்டே வருகிறது.

பால் விஷயத்தில் எனக்குக் கருத்து இல்லை. குழந்தைகள் இருந்தால் அரை லிட்டர் கூடுதலாகத்தான் ஆகும்.

ரேஷன் பருப்பு உங்கள் யோசனை என்கிறீர்கள். நல்ல யோசனை. கிலோ 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பு, லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில் என்றால் வெளிக்கடை விலையோடு ஒப்பிடவே வேண்டாம். 'பருப்பு இன்னும் வரல, சாயங்காலம் வாங்க' என்ற பதிலைக் கேட்டுவிட்டு மறுபடி போய் வரிசையில் நிற்பது யார்? அதைக் கடிதத்தில் காணோம். அந்தப் பருப்பை முன்கூட்டியே ஊறவைத்து, முதல் விசில் வந்ததும் அடுப்பைச் சிம்மில் வைத்து, ஒரு சிலிண்டரை இன்னும் சில நாள் இழுப்பவரும் அநேகமாக அவர்தான். அதற்கெல்லாம் யோசனை என்று பெயர் கிடையாது போலும்.

2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்தபோது பல வீடுகளில் என்ன நடந்தது என்பது நினைவிருக்கும். அரிசிப் பானையிலிருந்தும் புடவை மடிப்பிலிருந்தும் சிறுவாட்டுப் பணம் வெளியே வந்தது. இல்லத்தரசிகள் இரண்டரை லட்சம் வரை வங்கியில் போட்டால் கேள்வி கேட்க மாட்டோம் என்று அரசாங்கமே சொல்ல வேண்டியிருந்தது. எத்தனையோ கணவர்களுக்கு மனைவியின் சேமிப்பு அன்றைக்குத்தான் தெரிந்தது. உங்கள் வீட்டிலும் ஏதாவது இருக்கலாம். தேடாதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: அந்தக் கார்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு பாக்கியை அடைப்பது. வருடத்துக்கு 42 சதவீதம் கட்டுவதைவிட, பொதுத்துறை வங்கியில் நகைக்கடன் வாங்கி ஒரே மூச்சில் அடைத்தால் வட்டி மிகக் குறைவு. நகை உங்கள் மனைவியுடையது என்பதால் முதலில் அவரிடம் கேளுங்கள். எந்த மாதம் மீட்டுத் தருவீர்கள் என்று அவர் கேட்பார், பதிலோடு போங்கள்.