கார்த் திறப்பு துலைஞ்சால் கொம்பனி விலைதான் குடுக்க வேணுமோ? கேள்வி பதில்

வவுனியாவிலிருந்து பரந்தன் வரைக்கும், அங்கால முல்லைத்தீவு, மன்னார்ப் பக்கமும் வாகனம் வைத்திருக்கிற ஆக்களின் கேள்விகள் இவை. வாகனப் பூட்டும் இமொபிலைசர் (சரியான திறப்பில்லாமல் எஞ்சின் பிடிக்காமல் தடுக்கிற பெட்டி) வேலையும் தெரிந்த ஒருவர் பதில் சொல்கிறார்.

மாங்குளம், வேகன் ஆர்: அண்ணை, ரெண்டு ஸ்மார்ட் கீயில (செருகாமல், பட்டன் அமத்தி ஸ்டாட் பண்ணுற றிமோட் திறப்பு) ஒண்டு துலைஞ்சுபோச்சு. கொம்பனியில விலை கேட்டால் தலை சுத்துது. வெளியில செய்யலாமோ?

செய்யலாம் தம்பி. ஆனால் மற்றதும் துலையிறதுக்கு முதல் செய்யுங்கோ. வேலை செய்கிற திறப்பு ஒன்று கையில் இருக்கும்வரை இது சின்ன வேலை. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற ஓபிடி சொக்கெற்றில் (வாகனக் கணினியோடு கருவியைத் தொடுக்கிற இடம்) கருவியைச் செருகி, புதுத் திறப்பை வாகனத்துக்குப் பதிந்துவிட்டால் சரி. ஒன்றும் இல்லையென்றால் இமொபிலைசரின் நினைவகத்திலேயே கை வைக்க வேண்டி வரும். அப்போது செலவும் பல மடங்கு, பிழை வருகிற இடமும் கூட.

விலை கேட்கும்போது மொத்தமாகக் கேட்காதேங்கோ. றிமோட் எவ்வளவு, அதற்குள் இருக்கிற இரும்புத் திறப்பை வெட்ட எவ்வளவு, புரோகிராம் பண்ண எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கோ. வீட்டை வந்து செய்வதென்றால் போக்குவரத்தைத் தனியாகச் சொல்லச் சொல்லுங்கோ. விலை கூடுகிறது அநேகமாக றிமோட்டில்தான். புது ஒறிஜினல், யப்பானில் பாவித்தது, சீனத் தயாரிப்பு என்று மூன்று வகை கிடைக்கும். எதைத் தருகிறார் என்பதை ரசீதில் எழுத வையுங்கோ. பக்கத்து வீட்டிலும் திறப்பு வேலை இருந்தால் ஒரே நாளில் கூப்பிடுங்கோ, பயணச் செலவு பங்காகும்.

கிளிநொச்சி, அக்குவா: கொழும்பு பஞ்சிகாவத்தையில பாவிச்ச அக்குவா திறப்பு ஒண்டு வாங்கினனான். பார்க்க அதே மாதிரித்தான் இருக்கு, ஆனால் பதியேலாதாம். ஏமாத்திப்போட்டாங்களோ?

ஏமாற்றினார்கள் என்று உடனே சொல்ல முடியாது. ரொயோட்டா ஸ்மார்ட் கீ ஒரு வாகனத்தில் பதிந்தவுடன் அந்த வாகனத்தோடு பூட்டுப்பட்டுவிடும். இன்னொன்றில் ஏற வேண்டுமென்றால் முதலில் தனிக் கருவியால் அந்தப் பூட்டை அவிழ்க்க வேண்டும். எல்லாத் திறப்புக் கடையிலும் அந்தக் கருவி இராது.

அவிழ்த்தாலும் அடுத்த சிக்கல் உள்ளுக்குள் இருக்கிறது. வெளிக்கோது ஒன்றாக இருக்கும், உள்ளே இருக்கிற போட் (மின்சுற்றுத் தகடு) வேறாக இருக்கும். உங்கடை பழைய திறப்பைத் திறந்து பச்சைப் போட்டைப் பாருங்கோ. 271451 அல்லது 281451 என்று தொடங்கி, கோடு போட்டு, பிறகு நாலு இலக்கம் இருக்கும். அந்தக் கடைசி நாலும் பொருந்த வேண்டும். அலைவரிசையும் கவனம்: யப்பான் உள்நாட்டு வாகனங்களின் றிமோட் 312 முதல் 315 மெகாஹேர்ட்ஸ் வரை வரும், ஐரோப்பாவுக்குப் போனது 433. அலைவரிசை பொருந்தாவிட்டால் கதவும் திறக்காது, வாகனம் திறப்பு கிட்ட இருப்பதையும் அறியாது. அடுத்த முறை, வாங்க முதல் இரண்டு போட்டையும் திறந்து பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கோ. பதியாவிட்டால் திருப்பி எடுப்பதாகச் சொல்லாத கடையில் பாவித்தது வாங்க வேண்டாம்.

மல்லாவி, அல்டோ: சந்தியில டூப்ளிக்கேற் வெட்டினனான். கதவு திறக்குது, சுவிச்சும் சுத்துது, எஞ்சின் பிடிக்குதில்லை. வெட்டினது பிழையோ?

சுவிச் சுற்றுகிறதென்றால் வெட்டு சரி. குறைவது சிப். பழைய திறப்பின் பிளாஸ்டிக் தலைக்குள் பற்றரி இல்லாத சிப் ஒன்று இருக்கிறது. சுவிச்சைச் சுற்றி இருக்கிற கம்பிச்சுருள் அதற்குச் சக்தி கொடுத்து, அதன் இலக்கத்தை வாசிக்கும். இலக்கம் பிழைத்தால் எஞ்சினுக்கு அனுமதி இல்லை.

எந்த வாகனமென்றாலும் வெட்டக் குடுக்க முதல் இதைச் செய்து பாருங்கோ. வேலை செய்கிற திறப்பின் தலையை அலுமினியத் தாளால் வெளி தெரியாமல் இரண்டு சுற்றுச் சுற்றி, ஸ்டாட் பண்ணுங்கோ. பிடிக்காவிட்டால், அல்லது பிடித்து இரண்டு மூன்று செக்கனில் நின்றால், சிப் இருக்கிறது. வழமைபோல ஓடினால் வெறும் இரும்புதான், சந்திக் கடையே காணும்.

சிப் உள்ள திறப்பை இரண்டு விதமாகச் செய்யலாம். ஒன்று, புதுச் சிப்பை வாகனத்தில் பதிவது. மற்றது குளோன், அதாவது பழைய சிப்பின் இலக்கத்தை வெறுஞ் சிப்பில் நகல் எடுப்பது. குளோன் மலிவு, வாகனத்தைக் கொண்டுபோகவும் தேவையில்லை, திறப்பை பஸ்ஸில் குடுத்துவிட்டே வவுனியாவில் செய்விக்கலாம். ஆனால் வாகனத்துக்கு இரண்டும் ஒரே திறப்புத்தான். ஒன்று களவு போய் அதை அழிக்கப் போனால் கையில் இருப்பதும் சேர்ந்து செத்துவிடும். உங்கள் அல்டோவுக்குக் குளோன் காணும் என்றுதான் நான் சொல்வேன்.

முல்லைத்தீவு, அக்சியோ, பட்டன் ஸ்டாட்: முறிகண்டியில தேங்காய் உடைக்க இறங்கின இடத்தில இருந்த ஒரே திறப்பும் துலைஞ்சுது. இப்ப வேறை திறப்பே இல்லை. காரை எங்கை கொண்டுபோறது?

கொண்டுபோகாதேங்கோ, வேலைக்காரரைக் காரடிக்குக் கூப்பிடுங்கோ. திறப்பில்லாமல் கட்டி இழுத்தால் ஸ்டியரிங் பூட்டோடும், கியர் பார்க்கில் பூட்டுப்பட்டபடியும் போக வேண்டும், கியர்பெட்டிக்குக் கேடு. கொண்டுபோயே ஆக வேண்டுமென்றால் முழுக்காரையும் ஏற்றுகிற லொறியில்தான். அக்சியோ ஹைபிரிட் என்றால் முன்சில்லு நிலத்தில் உருளவே கூடாது.

கூப்பிட முதல் மூன்று கேள்வி கேளுங்கோ: இந்த மாடல், இந்த வருசத்துக்கு எல்லாத் திறப்பும் துலைந்த வேலை செய்கிற கருவி இருக்கோ, இமொபிலைசர் பெட்டியைக் கழற்ற வேணுமோ, சரிவராவிட்டால் எவ்வளவு. வேலையில், இமொபிலைசர் தரவை முதலில் வாசித்துச் சேமித்து, அதை வைத்து வாகனத்தை ஏமாற்றும் தற்காலிகத் திறப்பை உருவாக்கி, அதன் மேல் புதியதைப் பதிவார்கள். முழுவதும் அழித்துத் தொடங்கும் வழியும் உண்டு. அதற்கு வாகனம் ஏறத்தாழ 16 நிமிடம் எடுக்கும், இடையில் கை வைக்கக் கூடாது.

இந்த வேலை பிழைக்கிறது அநேகமாகப் பற்றரியால். கார் நாள்கணக்கில் நின்றிருக்கும், 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருக்கும். பாதியில் மின் விழுந்தால் பெட்டியின் தரவே குழம்பலாம். சார்ஜர் அல்லது இன்னொரு வாகனப் பற்றரியைக் கொழுவி, லைற், பான், ரேடியோ எல்லாம் நிப்பாட்டிவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கோ. சேமித்த தரவின் பிரதியையும் வாங்கி வையுங்கோ. இன்னொரு முறை தேவைப்பட்டால் பாதி வேலை குறையும்.

முடிந்ததும் துலைந்த திறப்பை வாகனத்தின் நினைவிலிருந்து அழித்ததை உங்கள் முன்னாலேயே காட்டச் சொல்லுங்கோ. அழித்தாலும் அதற்குள் இருக்கிற இரும்புத் திறப்பு கதவைத் திறக்கும் என்பது ஞாபகம் இருக்கட்டும். வாகனப் புத்தகம், அடையாள அட்டை, பொலிஸில் போட்ட முறைப்பாட்டுப் பிரதி மூன்றையும் எடுத்து வையுங்கோ. இதுகளைக் கேட்காமல் செய்து தருகிறவர் களவெடுத்தவனுக்கும் கேட்காமல்தான் செய்து குடுப்பார்.

நெடுங்கேணி: திறப்பின்ரை படம் அனுப்பியிருக்கிறன் அண்ணை, வெட்டு எந்த வகை எண்டு சொல்லுங்கோ.

படத்தை உடனே அழித்துவிடுங்கோ தங்கச்சி. பல்லு தெளிவாகத் தெரிகிற படம் போதும், எவரும் பார்த்தே வெட்டலாம். திறப்போடு வருகிற சின்னத் தகட்டில் இருக்கிற திறப்பு இலக்கமும் அப்படித்தான். அந்த இலக்கத்தை ஒரு கொப்பியில் எழுதி வீட்டில் வையுங்கோ. தேய்ந்த திறப்பைப் பார்த்து வெட்டினால் தேய்மானமும் சேர்ந்து வரும், இலக்கத்தைக் கொண்டு வெட்டினால் புதுசு மாதிரி வரும். தகடு இல்லாத பழைய ரொயோட்டாக்கள் பலதில் இலக்கம் கதவுப் பூட்டின் உடம்பிலேயே அடித்திருக்கும்.

புதுக்குடியிருப்பு: கோது உடைஞ்சுபோச்சு. வெறுங்கோது மலிவா விக்குது, நானே மாத்தலாமோ?

மாற்றலாம், ஆனால் பழையதைக் குப்பையில் போட முதல் அதற்குள் சிப்பைத் தேடுங்கோ. அநேகர் பச்சைப் போட்டை மட்டும் மாற்றிவிட்டு கார் பிடிக்கவில்லை என்று வருகிறார்கள். சிப் போட்டோடு ஒட்டியிராமல் கோதின் மூலையில் தனிக் குழிக்குள் இருக்கும்: நீட்டு அரிசியளவில் கண்ணாடிக் குழாய், அல்லது கறுத்த ஆப்பு மாதிரி ஒன்று. கத்தியால் நோண்டினால் கண்ணாடி நொறுங்கும். தலைமயிர் காயவைக்கிற மெசினால் ஒரு நிமிடம் சூடாக்கினால் பசை இளகும், பிறகு பக்கத்துப் பிளாஸ்டிக்கை வெட்டி எடுங்கோ. மடிக்கிற திறப்பென்றால் இரும்பைப் பிடிக்கிற சின்ன ஊசியை மெல்லிய இரும்புக் குச்சியால் (பஞ்ச்) தட்டி எடுத்து, பழைய இரும்பையே புதுக்கோதில் பூட்டலாம், வெட்டுக்கூலி மிச்சம்.

அக்கராயன்: திறப்பு வாய்க்காலுக்க விழுந்திட்டுது. எடுத்தாச்சு, இப்ப லைற் எரியுதில்லை.

பட்டனை அமத்தாதேங்கோ. பற்றரியைக் கழற்றி, போட்டை நல்ல தண்ணியில் சேறு போகக் கழுவி, சேர்ஜிக்கல் ஸ்பிரிற்றும் மெல்லிய தும்புள்ள பல்துலக்கியும் கொண்டு தேய்த்து, பான் காற்றில் ஒரு நாள் விடுங்கோ. வெயிலில் வேண்டாம். புதுப் பற்றரியை இலக்கம் பார்த்து வாங்குங்கோ, சீஆர் 2032 போடுகிற இடத்தில் சீஆர் 1632 தளரும். அதுவரை ஓட வேண்டுமென்றால் உள் இரும்பால் கதவைத் திறந்து, பிரேக்கை மிதித்து, றிமோட்டை ஸ்டாட் பட்டனில் முட்டப் பிடியுங்கோ. சிப்புக்குப் பற்றரி தேவையில்லை, சிப் தப்பியிருந்தால் பிடிக்கும்.

மன்னார், நிசான்: புதுத் திறப்பு பதிஞ்சாப் பிறகு வீட்டில இருந்த பழையது வேலை செய்யுதில்லை!

நிசானில் அப்படித்தான். புதிதாகப் பதியும்போது முன்னால் இல்லாதவை எல்லாம் நீங்கிவிடும். பழையதையும் கொண்டுபோய் ஒரே இருப்பில் எல்லாவற்றையும் பதிவியுங்கோ.

ஒட்டுசுட்டான்: என்ரை கார் லீசிங்கில. இருந்த திறப்பைத் துலைச்சிட்டன்.

காசு செலவழிக்க முதல் லீசிங் கொம்பனிக்கு ஒரு கோல் எடுங்கோ. சிலர் ஒப்பந்தம் எழுதும்போதே இரண்டாவது திறப்பை வாங்கி வைப்பார்கள். அது வந்துவிட்டால் உங்களுக்குத் தேவை மாங்குளத்துத் தம்பிக்குச் சொன்ன சின்ன வேலைதான்.

துணுக்காய்: இரும்பு சுவிச்சுக்குள்ள முறிஞ்சு நிக்குது. சூப்பர் குளூ போட்டு இழுக்கலாமோ?

வேண்டவே வேண்டாம், முழுச் சுவிச்சும் போகும். நுனி தெரிந்தால் மெல்லிய குறட்டால் நேராக இழுங்கோ, தெரியாவிட்டால் திறப்புக்காரரிடம் விடுங்கோ. வந்த பிறகு பூட்டுக்குக் கிறபைற் (பென்சில் கரி) தூள் போடுங்கோ. எண்ணெய் விட்டால் எங்கடை செம்மண் புழுதி உள்ளே போய்ச் சேறாகி, அடுத்த திறப்பும் முறியும்.