வயல் உறுதி பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்

கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் உயிரியல் பிரிவில் இரண்டு தரம் உயர்தரம் எழுதியும் மருத்துவத்துக்கு, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி போதவில்லை. "வெளிநாட்டில டொக்டருக்குப் படிக்க விடுங்கோ, பாதிக் காசு நான் தாறன்" என்கிறாராம் பிரான்சிலிருக்கும் மாமா. மீதிக்கு இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வயலை ஈடு வைக்கத் தகப்பன் தயார். பிள்ளையோ இணையத்தில் தானாகப் படித்த பிரெஞ்சை அயலிலுள்ள சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதிலேயே பின்னேரங்களைக் கழிக்கிறாளாம். "இது விளையாட்டுத்தானே?" என்று கேட்கிறார்.

அம்மா, உங்கள் கலக்கம் விளங்குகிறது. ஆனால் வயலை ஈடு வைக்க வேண்டாம். மாமா சொன்ன பாதி முதல் வருடத்தின் பாதியா, முழுப் படிப்பின் பாதியா என்று கேட்டீர்களா? ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் 2022இல் சில மாதங்களுக்குள் 360ஐத் தொட்டது. அப்படி இன்னொரு தரம் நடந்தால் வயலும் போகும், படிப்பும் நடுவில் நிற்கும். பட்டத்தோடு திரும்பி வந்தாலும் இலங்கை மருத்துவச் சபையில் பதிய முன், வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கென்று வைக்கும் இ.ஆர்.பி.எம். தேர்வில் சித்தியடைய வேண்டும். இவ்வளவும் பிள்ளை தன் வாயால் கேட்காத ஒரு தொழிலுக்கு. மூன்றாம் தரம் எழுதுவதும் அவள் கேட்டால் மட்டுமே.

அவள் செய்வது விளையாட்டல்ல. தகப்பனோ தாயோ பிரான்சில் இருக்க, இங்கே அம்மம்மாவோடு வளரும் பிள்ளைகள் வன்னியில் இருக்கிறார்கள். அங்கே போய்ச் சேர்ந்தால், பிரெஞ்சு தெரியாத புதுப் பிள்ளைகளுக்கென்று பள்ளிகளில் வைத்திருக்கும் தனிப்பிரிவில் தொடங்க வேண்டியிருக்கும். நாலு வசனம் காதில் விழுந்து பழகிய பிள்ளை அங்கே முதல் நாள் மிரண்டு நிற்காது.

சின்னப் பிள்ளைக்கு மொழி கற்பிப்பது தனிக் கைத்திறன். வினைச்சொல் அட்டவணையைக் கரும்பலகையில் எழுதி மனனம் செய்யச் சொன்னால் இரண்டாம் கிழமையே வகுப்பு கலைந்துவிடும். வகுப்பிலுள்ள பொருட்களே பாடமாக வேண்டும். சுவரில் ஒரு நாட்காட்டிப் பலகை போதும், தினமும் ஒரு பிள்ளை எழும்பிக் கிழமையையும் திகதியையும் மாற்றி, வெயில், மழை, காற்றுப் படங்களில் ஒன்றைக் குத்திவிட்டு அதைப் பிரெஞ்சில் சொல்லும். ஐந்து நிமிட வேலை. ஒரு தவணை முடியும்போது கிழமை, மாதம், எண் எல்லாம் வாயில் வந்துவிடும்.

அப்புறம் பட அட்டைகள். பிஸ்கட் பெட்டியின் மட்டையே காணும். பிரெஞ்சில் உயிரில்லாத பொருளுக்கும் பால் உண்டு: புத்தகம் ஆண்பால், மேசை பெண்பால். இதை விளக்கிக் கொண்டிருக்காமல் ஆண்பாலுக்கு நீலக் கரை, பெண்பாலுக்குச் சிவப்புக் கரை என்று முதல் நாளிலிருந்தே அட்டையில் போட்டுவிட்டால் பிள்ளையின் கண் தானாகப் பிடித்துக்கொள்ளும். முதல் சில கிழமைகளுக்குப் பேசச் சொல்லி நெருக்கவே கூடாது. "தொடு", "காட்டு", "கொண்டு வா" என்று பிரெஞ்சில் ஆசிரியர் சொல்ல, பிள்ளைகள் ஓடி எடுத்து வரட்டும்.

பழைய காலுறையில் ஒரு பொம்மை தைத்து, "இதுக்குத் தமிழ் தெரியாது" என்று சொல்லிவிடுங்கள். ஆசிரியரோடு பேசக் கூச்சப்படும் பிள்ளை பொம்மையோடு பேசும். வெறும் சவர்க்காரப் பெட்டி, தேயிலைப் பைக்கற்றுகளை அடுக்கினால் கடை. கடதாசி யூரோவைக் கையில் கொடுத்தால் "போன்ஜூர்" (வணக்கம்), "சில் வூ ப்ளே" (தயவுசெய்து), "மெர்சி" (நன்றி) எல்லாம் அவசியத்தோடு வாயில் வரும். பிரெஞ்சில் 70 என்பது அறுபதும் பத்தும், 80 என்பது நாலு இருபது. பெரியவர்களே தடுமாறும் இடம் இது. புளியங்கொட்டைகளை இருபது இருபதாக நாலு குவியல் வைத்துக் காட்டினால் எட்டு வயதுப் பிள்ளைக்கு விளங்கிவிடும். உச்சரிப்புக்கு டிவி5மொந்து என்ற பிரெஞ்சுத் தொலைக்காட்சியின் இலவச இணையப் பாடங்களைத் தொலைபேசியில் போட்டுக் கேட்கவைக்கலாம்.

உங்கள் மகளின் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் சான்றிதழ் இல்லாமல் கட்டணம் வாங்கிக் கற்பிப்பதை ஏற்கமாட்டேன். பிழையாகப் படிந்த உச்சரிப்பைப் பிறகு திருத்துவது பெரும்பாடு. கொழும்பிலுள்ள அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி நிலையத்தில், பிரெஞ்சுத் தேர்ச்சிக்குச் சான்றிதழ் தரும் டெல்ஃப் தேர்வுக்கான விபரம் கேளுங்கள். ஏ1, ஏ2, பி1, பி2 என்று நாலு படி, ஒவ்வொன்றும் தனித் தேர்வு. 100க்கு 50 எடுக்க வேண்டும், கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நாலிலும் 25க்கு 5ஆவது வேண்டும். சான்றிதழ் காலாவதியாகாது. பி2 வரை அவள் போகவேண்டும், அதற்குச் சில வருடங்கள் எடுக்கும். அவளிடம் படிக்கும் சிறுவர்களுக்கும் டெல்ஃப் பிரிம் என்று தனித் தேர்வு இருக்கிறது.

அதற்கிடையில், ஆசிரியர் பயிற்சி தரும் வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரியின் ஆரம்பக் கல்வி நெறிக்கு விண்ணப்பிக்கட்டும். தகுதி விபரம் வர்த்தமானியில் வரும். அரசாங்க ஆரம்பப் பாடசாலையில் பிரெஞ்சு ஆசிரியர் வேலை கிடைக்குமென்று நம்பி இருக்க வேண்டாம், அங்கே அது பாடமே இல்லை. மாதச் சம்பளம் ஆரம்பக் கல்வி ஆசிரியர் வேலையிலிருந்து வரட்டும், பிரெஞ்சு வகுப்பு பின்னேரத்திலும் சனி ஞாயிறிலும் வளரட்டும்.

மாமா உதவ விரும்பினால் டெல்ஃப் கட்டணத்தையும், அங்கத்தைய சிறுவர் படப் புத்தகங்கள் சிலவற்றையும் கேளுங்கள். ஏ1 சித்தியடைந்த பிறகு, பெற்றோரிடம் மாதம் ஒரு சிறு தொகை வாங்கி, வரவு செலவை அவளே கொப்பியில் எழுதட்டும். அந்தக் கொப்பியை ஆறு மாதத்துக்கு ஒரு தரம் தகப்பனும் பார்க்கட்டும்.